கத்திரி வெயிலில் ஒரு ஹீட்டர்

பாண்டிச்சேரியில் மே மாதத்தில் கார் ஹீட்டரைப் பழுதுபார்க்க அலைந்த மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமையாகச் சொல்லவில்லை. அலைந்துகொண்டிருந்தபோதே என்ன செய்கிறேன் என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. இப்போதும் முழுக்கப் புரிந்தபாடில்லை. புரிந்தவரைக்கும் எழுதிவைக்கிறேன்.

இரண்டாயிரத்து நாலாக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். வருடம் மறந்துவிட்டது, வெயில் மறக்கவில்லை. மகளுக்குக் காலாப்பட்டில், பல்கலைக்கழகத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நுழைவுத் தேர்வு. ஒன்பதரைக்குள் உள்ளே போயாக வேண்டும், அதற்குப் பிறகு வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. முந்தைய வருடம் இதே தேர்வுக்குப் பஸ்ஸில் போனாள். மெட்ராஸ் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், இறங்கியதும் வாந்தி எடுத்து, தலைசுற்றலோடு எழுதி, தேறாமல் வந்தாள். பிறகு ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தாள். கல்யாண வீடு, சினிமா எதுவும் கிடையாது. "இந்த வாட்டியும் இல்லன்னா அவ்ளோதான்பா, இன்னொரு வருஷம் என்னால முடியாது" என்று சொல்லியிருந்தாள். ஆகவே அந்த ஞாயிறு அவள் தலை சுற்றாமல் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டில் மூன்று பேருக்கும் அதற்கு மேல் வேறு கவலை இல்லை.

"பேசாம ஆட்டோ சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"வீட்ல கார வெச்சிக்கிட்டு ஆட்டோல போறதா?" என்றேன்.

யோசித்துப் பார்த்தால், மீதிக் கதை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் விளைவுதான்.

காருக்கு அப்போது வயது பதினைந்துக்கு மேல். ஊட்டியில் ஓடிய வண்டி. ஏசி கிடையாது. மூன்று வருடங்களுக்கு முன் தரகர் அதை என் தலையில் கட்டும்போது, "மலை மேலயே ஓடுன வண்டி சார், இன்ஜின் சூடுன்னா என்னான்னே அதுக்குத் தெரியாது" என்றார். உண்மைதான். கீழே வந்த பிறகு தெரிந்துகொண்டது. ஐந்து கிலோமீட்டர் ஓடினால் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும், முன்பக்கம் ஆவி கிளம்பும். நெல்லித்தோப்பில் எனக்கு வழக்கமான மெக்கானிக் பாய் ஒருவர் உண்டு. ரேடியேட்டர் அடைத்துப் போயிருக்கிறது, மெட்ராஸிலிருந்து வேறொன்று வர வேண்டும், பத்து நாளாகும் என்று அவர் சொல்லிவிட்டார். தேர்வுக்கு இருந்தது இரண்டே நாள்.

இந்த இடத்தில் அடுத்த வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சமையல் பிரிவில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். வெள்ளிக்கிழமை மாலை, திறந்த பானெட்டின் முன்னால் நான் நின்றுகொண்டிருந்ததை மதில்மேல் கையூன்றிப் பார்த்தார்.

"என்னா மிசே, கொதிக்குதா?" மிசே என்றால் பிரெஞ்சில் சார்.

சொன்னேன்.

"ஷோஃபாஜைப் போடுங்க."

"அது என்ன?"

"ஹீட்டர். இன்ஜின்ல இருக்கிற சுடுதண்ணிதான் ஹீட்டருக்குள்ள வருது. ஃபேன ஃபுல்லா வெச்சீங்கன்னா அந்தச் சூட்ட வண்டிக்குள்ள இழுத்துடும். இன்ஜின் ஜில்லுனு ஆயிடும். ஆல்ப்ஸ் மலையில லாரி ஏத்துறப்ப அப்டித்தான் பண்ணுவோம். கண்ணாடிய மட்டும் நல்லா ஏத்திக்கணும்."

கண்ணாடியை ஏன் ஏற்ற வேண்டும் என்று நான் கேட்டிருக்கலாம். நான் நிறையப் படித்தவன். வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போகிறது என்பது வரையில் எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. ஆனாலும் ஒருவர் ஆல்ப்ஸ் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

வண்டிக்குள் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். வண்டியோடு வந்த கையேடு. அதில் ஹீட்டர் ஃபேனுக்கான திருகு என்று படம் போட்டிருந்த இடத்தைப் பார்த்ததும் குழம்பிப் போனேன். ஏனென்றால் அது பிள்ளையாரின் திருகு.

டேஷ்போர்டில் எங்களுக்கு ஒரு பிள்ளையார் உண்டு. உள்ளே சின்ன சிவப்பு பல்பு. சாவியைப் போட்டு, அந்தத் திருகை மூன்றில் வைத்தால் பிள்ளையார் எரிவார். பூஜ்யத்தில் வைத்தால் அணைந்துவிடுவார். வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று பிள்ளையாருக்கு எதற்கு மூன்று அளவுகள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. தெய்வ காரியம் என்று விட்டுவிட்டேன்.

ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மறுபடி மாட்டினேன். திருகை மூன்றில் வைத்தேன். பிள்ளையார் எரிந்தார், காற்று வரவில்லை. கையேட்டில் 'ஃபேன் சுற்றாவிட்டால்' என்று ஒரு பக்கம் இருந்தது. 'ஃபேன் சுற்றாமல் வேறு ஏதாவது எரிந்தால்' என்று பக்கம் இல்லை. டேஷ்போர்டின் அடியில் தலையை நுழைத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முக்கால் மணி நேரம் தேடியதில் கழுத்து பிடித்துக்கொண்டது. வேறொன்றும் நடக்கவில்லை.

"சாமிய ஏன் அணைச்சு அணைச்சு ஏத்துறீங்க?" என்று வாசலிலிருந்து மனைவி கேட்டாள். "நாளன்னைக்குப் பரீட்சைய வெச்சிக்கிட்டு."

சனிக்கிழமை காலை, கார் ஏசி சரிசெய்யும் கடை ஒன்றுக்குப் போனேன். ஹீட்டர் ஃபேன் ஓடவில்லை என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். வெளியே வெயிலைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "யோவ், இங்க வாயேன், சார் குளுருதுன்றாரு" என்றார். உள்ளேயிருந்து வந்தவர் டீ கிளாஸோடு நின்று ஆற அமரச் சிரித்தார். பிறகு அக்கறையாக, "உடம்புக்கு ஏதாவது முடியலியா சார்?" என்று கேட்டார்.

அங்கிருந்து கிளம்பும்போது, இனி ஹீட்டர் என்ற சொல்லை இந்த ஊரில் உச்சரிப்பதில்லை என்று முடிவு செய்தேன். இந்த முடிவையும் வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆட்டோவுக்கு அடுத்தபடியான தவறு இதுதான்.

நெல்லித்தோப்புக்கு மனைவியும் கூடவே வந்தாள். "நீங்க தனியா போனா இன்னும் எதையாவது கழட்டிட்டு வருவீங்க." பாயிடம் நான் மிகச் சுருக்கமாகப் பேசினேன். "பாய், ஃபேன் ஓடல. உள்ள காத்து வரணும். நாளைக்குக் காலையில வேணும்."

"காத்துதானே சார், வரவெச்சிடலாம்" என்றார்.

பத்து நிமிடத்தில் டேஷ்போர்டின் கீழ்ப்பகுதி தரையில் கிடந்தது. பாய் உள்ளே கையை விட்டு ஒரு ஒயரை வெளியே இழுத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"எவன் கையின்னு தெரில சார். ஃபேனுக்குப் போற கரண்ட வெட்டி சாமி லைட்டுக்குக் குடுத்திருக்கான்."

மூன்று வருடப் புதிர் அவிழ்ந்தது. ஊட்டிக்காரர் ஹீட்டரின் கரண்டைப் பிடுங்கிப் பிள்ளையாருக்குக் கொடுக்க மாட்டார், குளிரில் செத்துப் போவார். ஆக இது தரகர் வேலை. பாண்டிச்சேரியில் விற்கப் போகும் வண்டியில் எது தேவை, எது தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப சாமி லைட்ட எடுத்துட்டு ஃபேனுக்குக் குடுத்துடு பாய்" என்றேன்.

"என்னாது?" என்றாள் மனைவி.

"அம்மா..." என்று பாய் ஆரம்பித்தார்.

"விடிஞ்சா பரீட்சை. இன்னிக்குப் போயி சாமி விளக்க அணைப்பாங்களா? மூணு வருஷம் எரிஞ்ச விளக்கு."

"ராத்திரியெல்லாம் சாவி எடுத்தா அணைஞ்சுதானே கிடக்கு?"

"அது தூங்குறது. இது வெட்டுறது."

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் மட்டும் பேசினார்.

"அம்மா சொல்றது சரி. அணைக்க வேணாம். பேட்டரிலேர்ந்து தனி லைன் இழுத்து, மொதல்ல அத சாமிக்குக் குடுத்துர்றேன். அப்பறமா பழச எடுக்கறேன். ஒரு செகண்டுகூட அணையாது. நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்குங்க."

அப்படியே செய்தார். சாவி போட்டபடி, பிள்ளையார் எரிந்தபடி, ஆஸ்பத்திரியில் ஒரு ட்யூப்பைப் பொருத்திவிட்டு இன்னொன்றை எடுப்பதுபோல. என் மனைவி குனிந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய ஒயர் வந்த கணத்தில் அது லேசாகத் துடித்ததாக எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறக்கவில்லை.

கரண்ட் வந்தும் ஃபேன் சுற்றவில்லை. ஊம் என்று முனகியது. கழற்றினால் உள்ளே ஒரு கைப்பிடி காய்ந்த வேப்பிலை. அதையெல்லாம் வாரிப்போட்டு, எண்ணெய் விட்டு மாட்டினார். ஒன்றிலும் இரண்டிலும் ஓடவில்லை. மூன்றில் மட்டும் மாவு மிஷின்போல் கிளம்பியது.

"மத்த ரெண்டு ஸ்பீடும் வராது, அதுக்கு உண்டான பார்ட்டு எரிஞ்சு போயிருக்கு. பரவால்லியா?"

"எனக்கு மூணுதான் வேணும் பாய்" என்றேன்.

ஞாயிறு காலை எட்டரைக்குக் கிளம்பினோம். பன்னிரண்டு கிலோமீட்டர். மகள் பின்சீட்டில், மடியில் குறிப்புத் தாள்கள். மனைவி என் பக்கத்தில். திரும்பிப் பார்த்தால் சொல்தா மதில்மேல் கையூன்றி நின்று, கண்ணாடியை ஏற்று என்று சைகை காட்டினார். ஏற்றினேன். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேனை மூன்றில் திருகினேன்.

முகத்தில் காற்று அறைந்தது. அது எப்படிப்பட்ட காற்று என்று சொல்ல வேண்டுமானால், இட்லிப் பானையைத் திறந்து முகத்தைக் காட்டினால் வருமே, அதில் இட்லி வாசனை மட்டும் இல்லை. இரண்டு நிமிடத்தில் என் மூக்குக்கண்ணாடி வழுக்கி இறங்கியது.

"அப்பா, என்னப்பா இது?"

"இன்ஜின் சூடும்மா. நம்ம மேல எடுத்துக்கறோம். அப்பதான் அது கொதிக்காது."

"நாம கொதிச்சா?"

"படிம்மா நீ."

சிக்னலில் முள் ஏறியது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. மணி எட்டே முக்கால். ஆவி வந்துவிட்டால் அரை மணி நேரம் ஆற விட்டுத்தான் மூடியைத் திறக்க முடியும், அது எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு காலி ஆட்டோ நின்றது. மனைவி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் நெற்றிக் குங்குமம் மூக்கு நுனிவரை வந்திருந்தது.

"கண்ணாடிய கொஞ்சம் எறக்கட்டுமா?" என்றாள்.

"எறக்காத. சூடு இழுக்காது."

கருவடிக்குப்பம் தாண்டினோம். முள் அசையாமல் நின்றது. அதற்கப்பால் சாலை விரிந்ததும், என் கண்முன்னே, மெதுவாக, இறங்கத் தொடங்கியது. நான் கத்தியேவிட்டேன். "எறங்குது பார்! எறங்குது!" பின்னால் மகள் ஹால் டிக்கெட்டைத் தாவணிக்குள் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள், வியர்வை சொட்டி அதிலிருந்த கையெழுத்து கரைந்துவிடாமலிருக்க. அவள் சிரித்ததாகத்தான் கண்ணாடியில் தெரிந்தது. காலாப்பட்டுக் கேட்டில் ஒன்பது பதினைந்துக்கு நின்றோம். வண்டி கொதிக்கவில்லை. நாங்கள் மூவரும் குளத்தில் முழுகி எழுந்தவர்கள்போல் இறங்கினோம். காத்திருந்த பெற்றோர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள், மழையா என்று. மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தல சுத்தலப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

அந்த வருடம் அவளுக்கு இடம் கிடைத்தது.

நியாயமாக இங்கேயே முடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பத்து நாள் கழித்து ரேடியேட்டர் மாற்றப் போனபோது, சந்தோஷத்தில் வாய் திறந்து பாயிடம் ஹீட்டர் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஹீட்டரா? அதுக்குத் தண்ணி போற ஹோஸ நான் அடைச்சு மூணு வருஷமாவுதே சார். நீங்க வண்டி வாங்கி மொத வாட்டி வந்தப்பவே."

"யாரக் கேட்டு பாய் அடைச்ச?"

"யாரக் கேக்கணும்? மார்கழியிலயே வேர்க்கிற ஊரு. வெளியூர் வண்டி எது வந்தாலும் எனக்கு மொத வேல அதான். ஹீட்டர் ஹோஸ் ஒழுகித்தான் பாதி வண்டி நடுரோட்ல நிக்குது."

"அன்னிக்கு ஃபேன் மாட்டுறப்பயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க காத்து வரணும்னீங்க. வந்துச்சா இல்லியா?"

வந்தது. அதை நான் மறுக்க முடியாது.

அப்படியானால் அன்று எங்கள் முகத்தில் அடித்தது இன்ஜினின் சூடே அல்ல. வெறும் மே மாதம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கத்திரி வெயிலை ஃபேன் வைத்துச் சுற்றவிட்டு, அதில் மூன்று பேர் வெந்திருக்கிறோம். பிறகு முள் ஏன் இறங்கியது? ஊர் தாண்டினால் கடல் காற்று எதிரில் அடிக்கும், அதில் ஆறியிருக்கும் என்றார் பாய். அதே சாலையில் அதற்கு முன் மூன்று முறை கொதித்திருக்கிறதே என்றேன். அது அப்படித்தான் சார் என்றார். சொல்தாவிடம் கேட்டேன். நான் சொன்னேன் இல்லையா என்றார். ஹோஸ் அடைத்திருந்ததைச் சொன்னேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். முதல் பருவ விடுமுறைக்கு ஹாஸ்டலிலிருந்து வந்தபோது தோழி ஒருத்தியைக் கூட்டிவந்தாள். கூடத்தில் உட்கார்ந்து அவளிடம், "எங்கப்பா இன்ஜின் சூடு மொத்தத்தையும் எங்க மேல இழுத்துவிட்டு என்னைக் கொண்டாந்து எறக்குனாரு தெரியுமா? சரியான ஐடியா. இல்லாட்டி நான் நம்ம யுனிவர்சிட்டில இல்ல" என்றாள். தோழி என்னைப் புதிதாகப் பார்த்தாள்.

"இல்லியாப்பா?" என்றாள் மகள்.

மனைவி சட்டென்று எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். பாய் சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"ஆமாம்மா" என்றேன்.