யாருக்கும் சொந்தமில்லாத கடலில் ஒரு மதுரைக்காரன்

போன மாதம் கப்பலில் போய்வந்தேன். நம்ப மாட்டீர்கள்... வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஆள் நான்.

கரையிலிருந்து வெகுதூரத்தில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல். அதன் அடியில் உலோகக் கட்டிகள் உருளைக்கிழங்கு போல இறைந்து கிடக்கின்றன. அவற்றை அள்ள முடியுமா என்று ஒரு கம்பெனி சில வருடங்களுக்கு முன் இயந்திரத்தை இறக்கிச் சோதித்தது. அதனால் அங்கே வாழும் உயிர்களுக்கு என்ன ஆனது என்று மதிப்பிட ஓர் ஆய்வுக்குழு கிளம்பியது. எளிய தமிழில் எழுத ஒருவர் வேண்டுமாம். எனக்குச் சுத்தமாகத் தெரியாத விஷயம் என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்!

மாட்டுத்தாவணியில் நண்பர்கள் மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்டார்கள். கப்பல் கிளம்பிய அன்றே அத்தனை பெருமையும் வாந்தியாக வெளியே வந்துவிட்டது.

குழுவின் தலைவி சுபாஷிணி, கடல் உயிரியல் ஆய்வாளர் – நம்ம ஊர்க்காரர்தான். கம்பெனி சார்பில் ஒரு மேனேஜரும் வந்திருந்தார். நல்ல மனிதர். எனக்கு வாந்தி மாத்திரை கொடுத்ததே அவர்தான்.

கேமராவைக் கடலடிக்கு இறக்கினார்கள். இயந்திரம் ஓடிய தடம் திரையில் தெரிந்தது – நேற்று உழுதது போல. தடத்துக்கு வெளியே கடல் அட்டைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தடத்துக்குள்? அசைவே இல்லை.

மேனேஜர் இதமாகத்தான் கேட்டார்... காலப்போக்கில் எல்லாம் மீண்டுவிடும் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்க்கக் கூடாதா?

"மீண்டதை நாங்க பாக்கலையே சார். பாக்காததை எப்படி எழுத?" என்றார் சுபாஷிணி.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பொதுவான ஆளு. நீங்களே சொல்லுங்க."

சாக்கடை அடைப்பிலிருந்து சந்திரன் வரைக்கும் கருத்துச் சொல்கிறவன் நான். வாயைத் திறந்தேன். வாங்கி விழுங்கிய மாத்திரை ஞாபகத்துக்கு வந்தது. குமட்டுகிறது என்று சொல்லிவிட்டு மேல்தளத்துக்கு ஓடினேன். சத்தியமாக அப்போது குமட்டவே இல்லை.

சுபாஷிணி கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதினார். கரை சேர்வதற்குள் கம்பெனியிடமிருந்து தகவல் வந்துவிட்டது – அடுத்த பயணத்துக்கு வேறு தலைவர். அதே தடத்தில் ஏதாவது உயிர் திரும்புகிறதா என்று வந்து பார்க்க சுபாஷிணி ஆசைப்பட்டிருந்தார்.

கப்பலை விட்டு இறங்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். இதை என் பத்திரிகைப் பத்தியில் எழுதலாமா... உங்கள் பெயரை மாற்றிவிடட்டுமா?

"எதுக்குண்ணே மாத்தணும்? எம் பேரைப் போட்டே எழுதுங்க. பயமா இருந்தா உங்க பேரை மாத்திக்கங்க."

என் பெயரை மாற்றலாமா என்று பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டார்.