வாலப்பலம் வரவில்லை

சாயங்காலமானால் எங்கள் ஹைதராபாத் வீட்டு இன்டர்நெட் நொண்ட ஆரம்பித்துவிடும். அமெரிக்காக்காரர்களோடு எனக்கு மீட்டிங் இருப்பதும் அப்போதுதான். திறந்த வாயோடு உறைந்துபோன என் முகத்தை டீமில் பார்க்காதவர்கள் இல்லை.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துவேன். "சார், எங்க லைன் சரியாத்தான் இருக்கு. உங்க வைஃபையில எத்தனை போன் இருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்று கஸ்டமர் கேர் பெண் ஹிந்தியில் பொறுமையாகச் சொல்வாள்.

"நான் நெட்வொர்க் செக்யூரிட்டியில வேலை பாக்கிறவன்மா. எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். பார்க்க மட்டும் மாட்டேன். வீட்டில் இருப்பதே நானும், திருநெல்வேலியிலிருந்து என்னோடு வந்து தங்கியிருக்கும் அப்பாவும்தான். எதைப் பார்ப்பது?

கடைசியில் வேறு கம்பெனிக்கு மாறினேன். சுவரில் புது ஓட்டை போட்டார்கள், புது ரௌட்டர் மாட்டினார்கள். எனக்கே நினைவில் நிற்காத ஒரு பாஸ்வேர்டைப் போட்டேன். நாம் கறாராக இல்லாவிட்டால் இந்தக் கம்பெனிகள் நம்மை ஏமாற்றிவிடும் என்று அப்பாவுக்கு ஒரு பிரசங்கமும் செய்தேன். அவர் எதையோ கேட்க வந்தவர் போல நின்றார். பிறகு குளிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மாள் கையில் போனோடு நின்றிருந்தார்.

"அண்ணா, வாலப்பலம் ராவட்லேது" என்றார்.

வாலப்பலம் வரவில்லையாம். பழக்காரரைத் தேடுகிறார் என்று நினைத்து, வண்டி தெருமுனையில் நிற்கும் என்று என் அரைகுறைத் தெலுங்கில் வழி சொன்னேன். அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் எங்கள் பழைய வைஃபையின் பெயர்.

இங்கிலீஷ் எழுத்தில் 'வாழைப்பழம்' என்பதுதான் என் பழைய பாஸ்வேர்ட். ஹைதராபாத்தில் எவன் 'ழ'வைக் கண்டுபிடிக்கப் போகிறான் என்ற திமிரில் வைத்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டுக்காரரும் கதவைத் திறந்து, தன் வீட்டிலும் வாலப்பலம் இல்லை என்றார்.

உள்ளே வந்து அப்பாவைக் கேட்டேன்.

"ஒவ்வொருத்தரா வந்து கேட்டாவ. இல்லன்னு தெலுங்குல எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியலயேப்பா" என்றார். "எழுத்தெழுத்தாச் சொல்லிக் கொடுத்தேன். நல்ல மனுசங்க. கீழ்வீட்டுல தெனமும் டீ குடுப்பாவ."

நான் ஆபீசுக்குப் போய்வந்த மாதங்களில் அப்பா இந்த பிளாக்கில் இத்தனை வீடுகளுக்குள் போய்வந்திருக்கிறார். எனக்கு லிஃப்டில் தலையாட்டுவதற்குக்கூட ஒருவர் இல்லை. கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். பொறாமைதான் வந்தது.

புது பாஸ்வேர்டை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் போனில் நானே போட்டுக் கொடுத்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் சொந்தமாக இன்டர்நெட் வாங்கத் தீர்மானித்து, எந்தக் கம்பெனி நல்லது என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். அவர் நான் விட்டுவந்த கம்பெனியைச் சொல்லியிருக்கிறார்.

"அதையா சொன்னீங்க?"

"பின்னே? அத்தனை வீட்டையும் ஒத்தையாத் தாங்குச்சுல்லா?"

மழை ஆரம்பித்த வாரத்தில் என் புது லைன் செத்தது. கம்பெனியின் போனில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மொபைலில் சிக்னல் ஒரு கோடு. மீட்டிங்கில் அன்றைக்கு நான்தான் பேச வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

அப்பா அங்கே சோபாவில் டீயோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் சாப்பாட்டு மேஜையை ஒதுக்கி, உட்காரச் சொன்னார். பாஸ்வேர்ட் என்னவென்று கேட்டேன்.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, எனக்குத் தெரியாதபடி கையால் மறைத்து, தானே அடித்துக் கொடுத்தார்.