புஷ்பராணி மிஸ் வாங்காத பணம்

புஷ்பராணி மிஸ் போய்விட்டார் என்று அவருடைய தம்பி போன மாதம் ஒரு காலையில் போனில் சொன்னபோது, எப்போது எடுக்கிறார்கள் என்று மட்டுமே கேட்டேன். அன்று மாலை தெரணியகலையில் அவர் வீட்டுக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தம்பி என்னைக் கொட்டகையின் ஓரத்துக்கு அழைத்துப்போய், "அக்காவுக்குத் தெரிஞ்சேதான் கம்பனி ஏமாத்துச்சின்னு இங்க உக்காந்தே பேசுறாங்க. நீங்க கூடவே வேல செஞ்சவங்க. அக்காவுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. தெரியும் என்றாலும் தெரியாது என்றாலும் அது பாதிப் பொய்யாகியிருக்கும். மீதியைச் சாவு வீட்டில் நின்றுகொண்டு சொல்ல எனக்கு வரவில்லை. அவரை அறிந்த உங்களுக்காக இப்போது எழுதுகிறேன்.

பஸ் நிலையத்துக்கு மேலே இருந்த அந்த நிதிக் கம்பனிக் கிளைக்கு அவர் முகாமையாளர். நான் கவுண்டரில் இருந்தேன். மிஸ் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து, அந்த நாற்காலிக்கு வந்தவர். அதுவரை தோட்டத்து மக்கள் டவுனில் எங்கே பணம் போடப் போனாலும், சிங்களத்தில் அச்சடித்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிரப்பித் தர யாராவது வருவார்களா என்று பார்த்து நிற்பார்கள். மிஸ் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார். கம்பனியின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்களும் 'மிஸ்ஸுகிட்ட போட்டிருக்கேன்' என்று சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் கொஞ்சம் இறுகும். "எங்கிட்ட இல்லக்கா, கம்பனியில" என்று திருத்துவார். யாரும் அந்தத் திருத்தத்தைக் காதில் வாங்கியதில்லை.

பிறகு வட்டிப் பணம் தலைமையகத்திலிருந்து பிந்தி வரத் தொடங்கியது. தவணை முடிந்தவர்களுக்குக் கொடுக்கக் கேட்டால், இன்னொரு வருடத்துக்குப் போடச் சொல்லுங்கள் என்றார்கள். காரணம் கேட்டபோது, அது கிளையின் வேலை இல்லை என்று பதில் வந்தது. மிஸ் போனில் சிங்களத்தில் "ஹரி மஹத்தயா" என்பார். சரி ஐயா என்று அர்த்தம். ரிசீவரை வைத்ததும், கிளையில் இருந்த காசை எண்ணி வைத்து, அடுத்து வருகிறவரிடம், "தவண முடிஞ்சிருச்சி, எடுத்துட்டுப் போங்க" என்பார். அவருடைய 'ஹரி'யைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் மருதாயி அக்கா வந்தார். தோட்டத்து மேல் டிவிசனில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கிடைத்த சேமலாப நிதிப் பணம் முழுவதையும் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வாழ்நாள் உழைப்பில் அவருக்கு மிஞ்சியது அதுதான். மிஸ் பையைத் தொடவே இல்லை.

"எதுத்தாப்புல கவர்மெண்டு பேங்க்ல போடுங்கக்கா."

"அங்க வட்டி கொறச்சலுங்களே மிஸ்."

"கொறச்சல்தான். அங்கயே போடுங்க."

மருதாயி அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கடக்காரங்க காசுன்னா வாங்கிக்கிறீங்க. தோட்டத்துக் காசு நாறுதாக்கும்? நீங்களும் லயத்துல பொறந்தவங்கதானே?"

கவுண்டரில் நின்றிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ் பையை அவர் பக்கமே தள்ளி வைக்கச் சொல்லிக் கை காட்டினார். பிறகு, "அப்படியே நெனச்சுக்கங்கக்கா. ஆனா அங்க போடுங்க" என்றார்.

மருதாயி அக்கா கோபத்தோடு இறங்கிப் போய் எதிர் வங்கியில் பணத்தைப் போட்டார். அன்றிரவே லயம் லயமாகக் கதை பரவியது. படித்ததும் மிஸ்ஸுக்குத் திமிர் வந்துவிட்டது, தோட்டத்து ஆட்களை வாசலிலேயே விரட்டுகிறார் என்றார்கள். ரோஷத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து புதிதாக ஒருவர்கூட எங்களிடம் வரவில்லை. வியாபாரம் விழுந்ததற்காகத் தலைமையகம் அவரைக் கடுமையாக ஏசியது.

உண்மையான காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நிச்சயமாத் தெரியாதும்மா. தெரியாதத வெளிய சொன்னா ஒரே நாள்ல கூட்டம் கூடி, உள்ள இருக்கிறவங்க காசும் சேர்ந்து போயிரும். அதுக்காகத் தெரியாமலே புதுக் காச வாங்கவும் கூடாதில்ல?"

அவருக்குச் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தைக் கொண்டு எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவு செய்தார். தம்பிக்கு நான் தர வேண்டியிருந்த பதில் இதுதான். இன்னும் முன்னதாகவே கேள்வி கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. அவருக்கும் தோன்றியது, என்னைவிட அதிகமாகவே தோன்றியது.

கம்பனி விழுந்த அன்று, கதவைப் பூட்டிவிட்டு, கேட்பவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லும்படி உத்தரவு வந்தது. மிஸ் கதவைத் திறந்து வைத்து, கவுண்டர்க் கண்ணாடிக்கு வெளியே, மக்கள் நிற்கும் பக்கம் வந்து நின்றார். "பணம் இல்ல. எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. பொறுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். சிலர் அழுதார்கள். ஒருவர் அவர் காலடியில் காறித் துப்பினார்.

அதன் பிறகு கொழும்பில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. போகவில்லை. தேடி வருகிறவர்கள் வீணாகத் திரும்பக் கூடாது என்றார். பஸ் நிலையத்தருகே ஒரு மருந்துக் கடையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். அங்கேயும் வந்து ஏசினார்கள். ஒருமுறை நான் குறுக்கே பேசப் போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடும்மா. காசு போனவங்க என்னையாச்சும் திட்டட்டும். கம்பனியில வேற யார இவங்களால கண்ணால பாக்க முடியும்?"

காளிமுத்து அண்ணன் திட்டவில்லை. ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த பணத்தை, மகள் கல்யாணத்துக்கென்று மிஸ் சொல்லித்தான் போட்டிருந்தார். தவணை முடியாததால் மிஸ்ஸால் அதை வெளியே எடுத்துக் கொடுக்க முடியவில்லை. விசேஷ அனுமதி கேட்டும் தலைமையகம் பதில் தரவில்லை. காப்பாற்றியவர்களைப் பற்றி மிஸ் ஒருநாளும் பேசியதில்லை. காளிமுத்து அண்ணனைப் பற்றித்தான் பேசுவார். ஞாயிறு சந்தை முடிந்ததும் அவர் மருந்துக் கடைக்கு வந்து கேட்பார். கொழும்புக்குப் போய் விசாரித்ததை மிஸ் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். பெரும்பாலும், ஒன்றும் இல்லை என்பதுதான் செய்தி. அதையும் எழுந்து நின்றுதான் சொல்வார்.

நான் இப்போது இந்த ஊரிலேயே ஒரு வங்கியில் இருக்கிறேன். பணம் போட வருகிறவர்களிடம் என் பெயரையும் நான் இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன். மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

மருந்துக் கடையில் கேட்க மிஸ் இல்லாததால், போன வாரம் காளிமுத்து அண்ணன் என் கவுண்டருக்கு வந்தார். "ஏதாச்சும் வந்துச்சா பாப்பா?" என்று கேட்டார். எழுந்து நின்று, இல்லை என்று சொன்னேன்.