மந்திரித்த சென்சர்

மெற்றில்டாவின் கடலட்டைப் பண்ணையில் அமோனியா ஏறிக்கொண்டே போகிறது என்று கணினி காட்டிய காலையில், கரையில் பதறாமல் நின்ற ஒரே ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வள்ளத்து எஞ்சின் திருத்த என் மூளையைத் தவிர வேறு வாத்தியார் எனக்குக் கிடையாது. பல்கலைக்கழகத்தில் மின்வேதியியல் சென்சர் ஆராய்ச்சி செய்யும் டொக்டர் மிஸ், சென்சரைக் கடலில் பூட்ட ஆள் தேடி மன்னாருக்கு வந்தார். பட்டம் பெற்ற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, என்னைத்தான் பிடித்தார். இன்னும் விடவில்லை. அவருடைய ஆய்வுக் கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

சென்சர் என்பது ஒரு குழாய். நுனியில் மெல்லிய சவ்வு, உள்ளே எலக்ட்ரோட். தண்ணீரில் அமோனியா கூடினால் உள்ளே மின்னழுத்தம் மாறும். மிகமிகச் சின்ன மாற்றம். அது மூடி போட்ட ஒரு பிளக் வழியாக மேலே கம்பத்தில் இருக்கும் பெட்டிக்குப் போகும். பெட்டி என் கைவேலை. எந்த அலை அடித்தாலும் உள்ளே சொட்டு நீர் போகாது.

எங்கள் கரையில் வள்ளமோ வலையோ எஞ்சினோ, தேவாலயத்துச் சுவாமி செபம் சொல்லி மந்திரிக்காமல் கடலில் இறங்காது. சென்சரும் அப்படித்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். நான் அவருக்குப் பக்கத்தில் படத்துக்கு நின்றேன். அன்று பின்னேரமே சென்சரைப் பூட்டினோம்.

மறுநாள் காலையில்தான் கணினி அந்த நம்பரைக் காட்டியது. மிஸ்ஸின் முகம் வெளிறிவிட்டது.

"நம்பர் உண்மையெண்டா அட்டையெல்லாத்தையும் இண்டைக்கே தூக்கோணும் ஐயா. பொய்யெண்டா, தூக்கிறதாலயே பாதி செத்துப்போகும்."

மெற்றில்டா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். அந்தப் பண்ணைதான் அவளுடைய முழு நம்பிக்கை. "எல்லாம் சின்னஞ்சிறுசுகள் மிஸ். வெளியால எடுத்தாத் தாங்காதுகள்" என்றாள். பிறகு மடு மாதாவுக்கு ஏதோ நேர்த்தி வைக்கத் தொடங்கினாள்.

அவசரப்படவேண்டாம் என்று நான் சொன்னேன். மிஸ் என்னோடு வள்ளத்தில் ஏறிப்போய், போத்தலில் தண்ணீர் எடுத்து, மருந்துத் துளி விட்டு, நிறம் பார்த்தார். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் சென்சர்தான் பொய் சொல்கிறது. சவ்வை மாற்றினார். நம்பர் இறங்கவில்லை.

நான் பெட்டியைக் கழற்றி, பிளக் மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே ஈரம். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. என் பெட்டிக்குள் கடல் வராது. ஆகவே, மூடியை யார் திறந்தது என்று கேட்டேன்.

மெற்றில்டா, "நான்தான் அண்ணை, மந்திரிக்கேக்க கழட்டினனான்" என்றாள். "மூடி வைச்சா ஆசீர்வாதம் உள்ளுக்க எப்பிடிப் போகும்?"

எங்கள் சுவாமி தீர்த்தத்தில் உப்புப் போட்டு மந்திரிப்பவர். அந்த உப்பு ஈரம் பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் பாலம் போட்டுவிட்டது. சின்ன மின்னழுத்தம் அதன் வழியே கசிந்துபோக, கணினி இல்லாத அமோனியாவைக் காட்டியது.

மிஸ் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. காய்ச்சி வடித்த நீராலும் ஸ்பிரிட்டாலும் பிளக்கைக் கழுவினார். மெற்றில்டாவின் மகள் தலைமயிர் காயவைக்கும் மெஷினால் நான் காயவைத்தேன். திரும்பப் பூட்டியதும் நம்பர் இறங்கி, போத்தல் சொன்ன இடத்துக்கு வந்து நின்றது. அட்டைகளை ஒருவரும் தொடவில்லை. அவை முழு அளவுக்கு வளர்ந்தன. மெற்றில்டா மடுவுக்கு நடந்தே போய் நேர்த்தியைத் தீர்த்தாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் பயமுறுத்தினால் முதலில் இன்னொரு வழியால் அளந்து பாருங்கள். பிறகு பிளக்கைத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு பயப்படலாம்.

அடுத்த சென்சர் வந்தபோது மிஸ்ஸே சுவாமியை அழைத்தார். பிளக்கை டேப்பால் சுற்றி, கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"சுவாமி, வள்ளத்துக்கு எவ்வளவும் தெளியுங்கோ. பிளக்குக்குச் செபம் மட்டும் போதும்."

"அப்ப அதின்ர பங்கைப் பெட்டி செய்தவருக்குத் தாறன்" என்று சொல்லி, சுவாமி மிச்சத் தீர்த்தத்தை என் தலையில் கவிழ்த்தார்.

அந்தச் சென்சர் இன்றுவரை பொய் சொன்னதில்லை. காரணம் டேப்பா, தீர்த்தமா என்று மிஸ் இன்னும் கட்டுரையில் எழுதவில்லை.