ஆளில்லாமல் ஓடிய மெஷின்

அன்று காலை டிரெட்மில்லின் சிவப்புச் சாவி தானாகக் கழன்று விழுந்ததா, இல்லை என் மகள் பிடுங்கினாளா? நான்கு மாதமாகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியாது.

மகளுக்கு மூன்று வயது. பிரசவத்துக்குப் பிறகு எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் ஓடச் சொன்னார். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஹாலுக்கு மெஷின் வந்தது அப்படித்தான். கணவருக்குச் சென்னையில் வேலை. விடியும் முன்பே ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். அவர் போனபின் நான் மெஷினில் ஏறுவேன். மகள் பக்கத்து அறையில் தூங்குவாள். நான் ஓடி முடித்து அடுப்பைப் பற்ற வைக்கும்போது எழுந்து வருவாள். ஒரு வருஷம் எந்தப் பிசகும் இல்லாமல் போனது.

விழுப்புரத்தில் இருக்கும் நாத்தனார்தான் அதைக் கலைத்தாள். அங்கே பெண்களுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்று, தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்துவிட்டுப் போன் செய்தாள்.

“நான்தான் தினமும் ஓடறேனே,” என்றேன்.

“நீங்க எங்க அண்ணி ஓடறீங்க? கீழ பெல்ட்டுதான் ஓடுது. நீங்க விழாம நின்னுக்கினு இருக்கீங்க. ரோட்டுக்கு வாங்க, தெரியும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனோம். தெரிந்துவிட்டது. மெஷினில் வேகத்தை எண் சொல்லும். ரோட்டில் யார் சொல்வது? எடுத்த எடுப்பிலேயே வேகமாக ஓடி, தெருமுனை தாண்டுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால்காரர் வண்டியை மெதுவாக்கி, “என்னம்மா, பஸ்ஸ விட்டுட்டியா?” என்று கேட்டார். நாத்தனார் ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ஓடும்போது முகத்தில் பட்ட காற்றை மறக்க முடியவில்லை.

திண்டிவனம் திரும்பியதும், மகள் தூங்கும்போது கதவைப் பூட்டிவிட்டு எங்கள் தெருவிலேயே ஓடிப் பார்த்தேன். ஆறு வீடு போவது, ஆறு வீடு வருவது. வாசல் கண்ணிலேயே இருக்கும். இரண்டாவது சுற்றில் மகளின் அழுகை கேட்டது. மறுநாளும் அப்படியே. பிறகுதான் புரிந்தது. மெஷின் சத்தத்தில் தூங்கிப் பழகியவளை, அந்தச் சத்தம் இல்லாததுதான் எழுப்புகிறது.

மூன்றாம் நாள் மெஷினைப் போட்டு, வேகத்தைக் குறைத்து வைத்து, ஆளில்லாமல் ஓடவிட்டு வெளியே வந்தேன். மகள் எழவில்லை.

எதிர்வீட்டு அக்கா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். “ஏம்மா, நீ இங்க இருக்கிற. உள்ள யாரு ஓடிக்கினு இருக்கிறது?”

“எண்ணெய் போட்டிருக்கேன்க்கா. கொஞ்ச நேரம் ஓடட்டும்னு விட்டிருக்கேன்.”

“நல்லாதான் இருக்குது. எங்க வீட்டு ஆட்டுக்கல்லும் இப்படித் தானா ஓடுனா தேவல.”

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. மெஷினோடு வந்த புத்தகத்தில், குழந்தைகளைக் கிட்டே விடக்கூடாது என்ற பக்கத்தைக் கணவருக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான். ஓடுகிறவர் அந்தச் சிவப்புச் சாவியின் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கால் தவறி விழுந்தால் சாவி கழன்று பெல்ட் நின்றுவிடும். மாட்டிக்கொள்ள ஆளில்லாத கயிறு, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன்.

நாலு நாள் சரியாகப் போனது. அதனாலேயே ஏரிக்கரை வரை போகும் தைரியம் வந்தது.

அன்று நல்ல பனி. கரையில் கால் தானாகப் போனது. மெஷினில் பழகியபடி பதினைந்து நிமிடம் என்று மனசில் வைத்து ஓடி முடித்தபோது, வீடு எங்கோ பின்னால் இருந்தது. மெஷினில் எப்போது நிறுத்தினாலும் நம் ஹாலில்தான் இறங்குவோம். திரும்பவும் இதே தூரம் போக வேண்டும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

திரும்பினால் கரையின் குறுக்கே மூன்று நாய்கள். ஓடினால் துரத்தும். நின்றேன். ஒன்று எழுந்து என்னையே பார்த்தது. ஹாலில் கயிறு ஆடுவது கண்ணில் வந்தது. மகள் எழுந்தால் துணிப் பொம்மையைத் தரையில் இழுத்துக்கொண்டேதான் நடப்பாள். அதுவும் வந்தது. நாய்கள் விலக எவ்வளவு நேரமானது என்று தெரியாது. பிறகு வீடு வரை எப்படி வந்தேன் என்பதும் நினைவில் இல்லை.

கேட்டைத் தொட்டபோது மெஷின் சத்தம் கேட்கவில்லை. அழுகையும் கேட்கவில்லை. பூட்டைத் திறந்து நேராக ஹாலுக்குப் போனேன்.

பெல்ட் நின்றிருந்தது. சிவப்புச் சாவி தரையில் கிடந்தது. மெஷினுக்கும் பின்சுவருக்கும் நடுவே துணிப் பொம்மை சிக்கியிருந்தது. அதன் ஒரு கை நைந்திருந்தது. மகள் கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தாள். ஆனால் நான் விட்டுப்போன பக்கத்தில் இல்லை, அப்பா படுக்கும் பக்கத்தில். அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

அந்தச் சாவியின் பிடிப்பு தளர்ந்ததுதான். முன்பு நான் மெஷினில் ஓடும்போதே ஓரிரு முறை அதிர்வில் விழுந்திருக்கிறது. பொம்மை முந்தின நாளே அங்கே போயிருக்கலாம். அதன் கை முன்பே நைந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவு வரவில்லை. மகள் தூக்கத்தில் உருள்கிறவள். தனித்தனியாக எல்லாவற்றுக்கும் சமாதானம் இருக்கிறது.

அவள் எழுந்ததும் கேட்டேன். “கண்ணு, மெஷின யாரு நிறுத்தினது?”

“நீதான்.”

“அப்போ அம்மா எங்க இருந்தேன்?”

“நீ ஓடிக்கினு இருந்தே,” என்றாள், பால் டம்ளரிலிருந்து வாயை எடுக்காமலே.

அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அன்றே மெஷினின் ஒயரைக் கழற்றிப் பரணில் போட்டேன். கணவரிடம் ரிப்பேர் என்றேன். ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாமே என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். விழுப்புரம் ஓட்டத்தன்று காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஓட்டத்துக்கும் நாத்தனார் என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். போன முறை பார்த்ததில் சர்க்கரை ஏறியிருக்கிறது. மகளோ தினமும் அதே நேரத்துக்கு எழுந்து, ஓடாத மெஷினுக்கு எதிரில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

விடியற்காலையில் வேறு ஆளில்லாத வீட்டில், சின்னக் குழந்தையோடு இருந்துகொண்டு, வெளியே ஓடப் பழகிய பெண்கள் யாராவது இதைப் படித்தால், அந்த நேரத்தில் குழந்தையை யாரிடம் விடுகிறீர்கள் என்று எழுதுங்கள். எதிர்வீட்டு அக்காவைக் கேட்கலாம்தான். கேட்டால் அன்று சொன்ன பொய்யையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கணவரிடம் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.