புளிப்புக்கு ஒரு சாட்சி

பானைக்குள் கள் நுரைக்கும் சத்தம். என் சமையலறையில் நான் காய்ச்சிய முதல் பீர் புட்டி வெடித்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வருகிறது.

ஆந்திர எல்லையைத் தாண்டியதும் இருக்கும் கள்ளுக்கடையில், திருத்தணிக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக நிற்கிறோம். நானும் நண்பர்கள் இருவரும் வீட்டில் பீர் காய்ச்சும் கிறுக்கர்கள். ரஃபீக்குக்குக் கறுப்பு ஸ்டௌட், செல்வத்துக்குக் கசக்கும் ஐ.பி.ஏ., எனக்குப் புளிக்கும் கோதுமை பீர். மூன்று வருடமாக என்னுடையதைக் 'கெட்டுப்போன சரக்கு' என்றே இருவரும் சொல்கிறார்கள்.

கள் இறக்கும் முனிரத்தினத்திடம், எது நல்லதென்று தீர்ப்புச் சொல்லச் சொல்லி, ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்த மூன்று புட்டிகளையும் நீட்டுகிறோம். ஒவ்வொன்றையும் பனையோலைத் தொன்னையில் ஊற்றி, கள்ளைப் போலவே முதலில் காதோரம் வைத்து நுரையைக் கேட்கிறார்.

ஸ்டௌட்டுக்கு, "காபித்தூளக் கருக்கிட்டீங்க."

ஐ.பி.ஏ.வுக்கு, "இன்னாங்க இது, வேப்பங்கொழுந்தா?"

என்னுடையதைக் குடித்தவர் தொன்னையை மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்கிறார். புட்டி காலியாகிறது.

"ஆங்... மத்தியானம் புளிச்ச கள்ளு மாதிரியே கீது. இதுக்குத்தான் உசுரு கீது."

"அவருக்குப் புளிப்பே பழக்கம்பா," என்று முனகுகிறான் ரஃபீக். செல்வம் பனைமரங்களை எண்ணுகிறான். உச்சி வெயிலில் நான் தேரேறியவன்போல நிற்கிறேன்.

பஸ் வருகிறது. படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து முனிரத்தினம் கத்துகிறார்:

"நைனா, இவங்க பேச்சக் கேட்டுகினு புளிப்பக் கொறைச்சிடாத!"