புரட்டாசிக்கு முன் காலியான டப்பா

புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் ஓவனில் பாஸ்தா பேக் செய்வது வழக்கம். மறுநாள் முதல் ஒரு மாதம் கவிச்சி கிடையாது. ஃப்ரிஜில் மிஞ்சிய கோழி, சாசேஜ் எல்லாம் அன்றைக்கு ஒரே பாத்திரத்தில் போய்ச் சேரும். என் கணவர் இதை 'ஃப்ரிஜ் போகி' என்று கேலி செய்வார். ஓரத்தில் ஒட்டிய சீஸைச் சுரண்டித் தின்பவரும் அவர்தான்.

போன வருடம் எனக்கு அதில் கையே ஓடவில்லை. காரணம், ஃப்ரீசர் மூலையில் இருந்த ஓர் ஐஸ்கிரீம் டப்பா. அம்மா கடைசியாகச் சமைத்த மிளகுக் கோழிப் பெரட்டல் அதில் இருந்தது. அம்மாவின் காரியம் முடிந்து, அவர்கள் குடியிருந்த பண்டமாரானிலிருந்து அப்பாவை அழைத்து வந்தபோது, அதை அவர் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அவரும் சாப்பிடவில்லை. எந்நேரமும் கஞ்சியும் ஊறுகாயும்தான். எப்போதாவது ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார்.

ஆனால் புரட்டாசி விஷயத்தில் அம்மா ரொம்பக் கறார். முதல் நாளே ஃப்ரிஜை மஞ்சள் தண்ணீரால் துடைத்துவிடுவாள். அவள் போட்ட சட்டத்தை அவள் சமைத்த கறி மேலேயே எப்படிக் காட்டுவது? கொட்ட மனம் வரவில்லை. அப்பாவிடம் கேட்கவும் பயம். கடைசியில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியிடம் போய், அவர் ஃப்ரீசரில் ஒரு மாதத்துக்கு இடம் கேட்டுவிட்டு வந்தேன்.

டப்பாவைப் பையில் போடும்போது அப்பா பின்னால் நின்றார்.

"உங்கம்மாவ பக்கத்து வீட்டுல குடி வைக்கப் போறியா?"

"ஒரு மாசம்தான்ப்பா. ஆன்டி ஓகேன்னுட்டாங்க லா."

"அவங்க மீன் வாடையெல்லாம் இதுல ஏறிடும்."

டப்பாவை மறுபடி உள்ளே வைத்துவிட்டு சாசேஜ் நறுக்கப் போனேன். அப்பா கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, டப்பாவை அவரே எடுத்துத் தண்ணீரில் வைத்தார்.

"அவ இருந்தா இந்நேரம் காலி பண்ணியிருப்பா. நீ செய்யிறதுலயே போடு."

"உங்களுக்குச் சோறு வடிக்கவாப்பா? இத நீங்க மட்டும் சாப்பிடுங்க."

"வேணாம். எல்லாருக்கும் வரட்டும்."

சாசேஜைச் சிவக்க வதக்கினேன். வெங்காயம், பூண்டு, தக்காளி போட்டுச் சுண்டவிட்டு, வெந்த பாஸ்தாவைக் கொட்டினேன். அம்மாவின் கோழியைச் சூடாக்கியதும் மிளகு வாசம் எழுந்தது. அவளே அடுப்படியில் நிற்கிற மாதிரி இருந்தது. எலும்பிலிருந்து கறியைப் பிரித்தேன். வேறு மசாலா எதுவும் சேர்க்கவில்லை. கறியோடு நிறையக் கறிவேப்பிலை கிடந்தது. அதையும் எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். அப்பா கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குவார். "அதுல இருக்குற சத்த ஒதுக்கிட்டு என்னத்த திங்கிறீங்க?" என்று அம்மா சண்டைக்கு நிற்பாள். அவர்கள் குடித்தனம் முழுக்க ஓயாத சண்டை அது. எல்லாவற்றையும் பாத்திரத்தில் பரப்பி, மேலே வெள்ளை சாஸும் சீஸும் போட்டு ஓவனுக்குள் வைத்தேன்.

சாயங்காலம் நாங்கள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். அப்பா முள்கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையாலேயே சாப்பிட்டார்.

"என்னம்மா இது, குழாய் குழாயா இருக்கு?"

"நல்லா இல்லையாப்பா?"

"கோழி நல்லா இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "இன்னும் கொஞ்சம் வை" என்று தட்டை நீட்டினார்.

என் கணவர் அன்று சீஸைச் சுரண்டவில்லை. பாத்திரத்தை அப்பா பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார்.

கழுவுவதற்காக அப்பாவின் தட்டை எடுத்தேன். அதன் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலைகூட இல்லை.